ஒரு டைட்டேனியக் குழாய் பிறந்த கதை

செவ்வாய் மண்ணில் பெர்சிவரன்ஸ் ஊர்தி முதன்முதலாக மூடி முத்திரையிட்ட மாதிரிக் குழாயில் கல் இல்லை, மண்ணும் இல்லை. 2021 ஜூன் மாதம் அது நடந்தது. ஜெஸரோ பள்ளத்தில் இறங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. தான் கொண்டுவந்த குழாய்களில் ஒன்றை எடுத்து, மூடியைப் பொருத்தி, அழுத்தி அடைத்து வைத்துக்கொண்டது. உள்ளே இருந்தவை பூமியிலேயே போட்டு அனுப்பிய சில பொருட்கள். தூசியோ ஆவியோ எது வந்து படிந்தாலும் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. ஏவுதளத்தில் என்ன படிந்தது, வழியில் ஊர்தியின் பிளாஸ்டிக்கும் பசையும் எதைக் கசியவிட்டன, எல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

இதற்குச் சாட்சிக் குழாய் என்று பெயர். ஊர்தி கொண்டுபோன 43 குழாய்களில் 38 செவ்வாய்க்கு, மீதி 5 சாட்சிக்கு. எடையும் இடமும் பொன்னைப் போல் நிறுத்துக் கொடுக்கப்படும் ஒரு விண்பயணத்தில், எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான குழாய்களை நம் அழுக்கைச் சேகரிக்க ஒதுக்கியிருக்கிறார்கள். இது தாராளம் அல்ல, சூடுபட்டவர்களின் எச்சரிக்கை. அந்தக் குழாயின் ஒவ்வொரு உறுப்புக்குப் பின்னாலும் வேற்றுலக உயிர் தேடப் போனவர்கள் பட்ட ஏதாவது ஒரு தலைகுனிவு இருக்கிறது. ஆகவே குழாயின் கதையைத் தலைகுனிவுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1864 மே 14. பிரான்ஸின் தெற்கே ஓர்கேய் என்ற ஊருக்கருகே வானத்திலிருந்து கற்கள் விழுந்தன. கரி நிறைந்த, கையால் நொறுக்கக்கூடிய மென்மையான கற்கள். துண்டுகளைப் பொறுக்கி ஊர் ஊராக அருங்காட்சியகங்களில் வைத்தார்கள். மொந்தோபான் நகரத்து அருங்காட்சியகத்தில் ஒரு துண்டு கண்ணாடி ஜாடிக்குள் அடைபட்டு ஏறத்தாழ நூறாண்டு சும்மா இருந்தது. 1961இல் ஜார்ஜ் கிளாஸ், பார்த்தலோமியு நாகி என்ற இருவர் இதே விண்கல்லின் வேறு துண்டுகளில் புதைபடிவ நுண்ணுயிர் போன்ற வடிவங்களைக் கண்டதாக அறிவித்தார்கள். உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிற ஆய்வாளர்கள் பார்த்தபோது அவற்றில் சில பூமிச் செடியின் மகரந்தமாக இருந்தன.

அந்தப் பரபரப்பில்தான் மொந்தோபான் ஜாடியும் திறக்கப்பட்டது. எட்வர்ட் ஆண்டர்ஸும் கூட்டாளிகளும் உள்ளே கண்டவை கோரைப்புல் வகையொன்றின் விதைகள், நிலக்கரித் துணுக்குகள், எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிய பசை. 1864ஆம் ஆண்டிலேயே யாரோ ஒருவர் ஈரமான விண்கல்லுக்குள் விதைகளை அமுக்கி, பசை தடவி, மேலே கரித்தூள் பூசி வைத்திருக்கிறார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் லூயி பாஸ்டர் உயிரற்றதிலிருந்து உயிர் தானாகத் தோன்றாது என்று பாரீஸில் புகழ்பெற்ற உரை நிகழ்த்தியிருந்தார். அந்தச் சூட்டில் யாரையோ ஏமாற்றச் செய்த குறும்பாக இருக்கலாம். பாவம், அவர் காலத்தில் யாருமே அந்த ஜாடியைத் திறக்கவில்லை. நூற்றாண்டு காத்திருந்து பலித்த குறும்பு வேறு இருக்கிறதா தெரியவில்லை.

ஓர்கேய் சொல்லித்தந்த பாடம் எளிது. கல் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. வந்த பிறகு யார் கையில், எந்த ஜாடியில், எத்தனை நாள் இருந்தது என்பதும் தெரிய வேண்டும். டைட்டேனியக் குழாய் ஒவ்வொன்றின் மேலும் லேசரால் செதுக்கிய தனி எண் இருப்பது இதனால்தான். அது உருவான நாள் முதல் அதைத் தொட்டது எது, கழுவியது எது, எந்தக் காற்றில் இருந்தது என்று எல்லாம் அந்த எண்ணின் பேரில் எழுதி வைக்கப்படுகிறது. ஒரு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் தடயத்துக்குக்கூட இவ்வளவு பதிவு இருக்காது.

அடுத்த தலைகுனிவு இன்னும் பெரியது, ஏனென்றால் அதில் ஏமாற்றியவர் யாரும் இல்லை. 1976இல் வைக்கிங் கலங்கள் இரண்டும் செவ்வாயில் இறங்கின. பூமியின் நுண்ணுயிர் ஒன்றுகூட ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று, இறங்கு கலத்தை முழுதாகவே 111 டிகிரிக்கும் சற்று மேலான உலர் வெப்பத்தில் 30 மணி நேரத்துக்கும் மேல் வேகவைத்து அனுப்பியிருந்தார்கள். அங்கே மண்ணைச் சூடாக்கி, வெளிவரும் வாயுவைப் பிரித்தறியும் கருவி கரிமச் சேர்மங்களைத் தேடியது. கிடைத்தவை இரண்டே இரண்டு குறிப்பிடத்தக்க சேர்மங்கள்: குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன். ஆய்வுக் குழு அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. கருவியைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய கரைப்பான்களின் மிச்சம் என்று முடிவுகட்டினார்கள். செவ்வாயில் கரிமப் பொருளே இல்லை என்ற முடிவு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடப்புத்தகங்களில் உட்கார்ந்திருந்தது.

2008இல் பீனிக்ஸ் கலம் செவ்வாயின் வடதுருவப் பகுதி மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. சூடாக்கினால் கரிமத்தை எரித்துத் தின்றுவிடும் உப்பு அது. 2010இல் ரஃபேல் நவாரோ-கொன்சாலெஸும் குழுவினரும் சிலியின் அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட்டைக் கலந்து சுட்டுப் பார்த்தார்கள். வந்தவை குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன். அப்படியானால் 1976இல் கண்டது செவ்வாயின் கரிமம் எரிந்த புகையாக இருக்கலாம். வைக்கிங் கருவியை வடிவமைத்த கிளாஸ் பீமன் கடைசிவரை இதை ஏற்கவில்லை. யார் சொன்னது சரி என்பதை இன்று தீர்க்க வழியில்லை. கருவியிலேயே அந்தக் கரைப்பான் இருந்ததா, எவ்வளவு இருந்தது என்ற ஐயத்தைக் கருவியைக் காலியாக ஓட்டிப் பார்த்த சோதனைகளும் தீர்க்கவில்லை. சாட்சிக் குழாய் ஒன்று மட்டும் அப்போது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வைக்கிங் கதையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வேகவைத்தால் நுண்ணுயிர் சாகும், ஆனால் பிணம் அங்கேயேதான் கிடக்கும். செத்த பாக்டீரியாவின் கொழுப்பும் அமினோ அமிலமும் உயிருள்ளதன் கொழுப்புக்கும் அமினோ அமிலத்துக்கும் எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல; நுண்கருவி இரண்டையும் ஒன்றாகவே படிக்கும். ஆக, கொல்வது வேறு, துடைப்பது வேறு. விண்கலத்தை உயிரற்றதாக்கும் கலை வைக்கிங் காலத்திலேயே தேர்ந்திருந்தது. உயிரின் எச்சத்தையே இல்லாமலாக்கும் கலையைத்தான் அடுத்த நாற்பதாண்டுகளில் கற்க வேண்டியிருந்தது.

நடுவில் 1996. அண்டார்டிகாவின் ஆலன் மலைப்பகுதியில் 1984இல் எடுத்த ஏ.எல்.எச் 84001 என்ற விண்கல் செவ்வாயிலிருந்து வந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதில் நுண்ணுயிர்ப் படிவங்கள் இருப்பதாக டேவிட் மெக்கே குழு எழுதிய கட்டுரைக்காக அமெரிக்க அதிபர் கிளின்டனே ஆகஸ்ட் 7ஆம் தேதி செய்தியாளர்கள் முன் நின்றார். ஆனால் அந்தக் கல் ஏறத்தாழ 13,000 ஆண்டுகள் அண்டார்டிகப் பனியில் கிடந்தது. இரண்டே ஆண்டுகளில் ஜெஃப்ரி பேடாவின் குழு, கல்லிலுள்ள அமினோ அமிலங்கள் சுற்றியிருந்த பனியில் இருப்பவற்றோடு ஒத்துப்போவதைக் காட்டியது. மற்ற வாதங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கல்லிலிருந்த கரிமம் எல்லாமே பனியிலிருந்து வந்தது என்று இதற்குப் பொருளல்ல. செவ்வாயிலேயே நீரும் பாறையும் வினைபுரிந்து, உயிரில்லாமலேயே, உருவான கரிமமும் அதில் உண்டு என்று 2022இல் ஒரு ஆய்வு காட்டியது. எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கத்தான் கால் நூற்றாண்டு பிடித்தது.

தானாக விழும் கல்லை நம்பிப் பயனில்லை, போய் வெட்டி எடுத்து அடைத்துக்கொண்டு வர வேண்டும் என்ற கருத்து இப்படித்தான் உறுதிப்பட்டது. 2011இல் அமெரிக்கக் கோள் விஞ்ஞானிகளின் பத்தாண்டுத் திட்ட அறிக்கை, பெரும் பயணங்களின் வரிசையில் செவ்வாய் மாதிரி சேகரிப்புக்கே முதலிடம் தந்தது. 2012 டிசம்பரில் நாசா புதிய ஊர்தியை, பின்னாளைய பெர்சிவரன்ஸை, அறிவித்தது. அதன் பிறகுதான் அந்தக் கேள்வி மேசைக்கு வந்தது: எவ்வளவு சுத்தம் போதும்?

இதற்கென்று அமைந்த ஒரு குழு 2014இல் விடை சொன்னது. எம்.ஐ.டி.யின் ரோஜர் சம்மன்ஸ் அதன் தலைவர்களில் ஒருவர். அதை வைத்துத் திட்டம் வகுத்துக்கொண்ட வரம்பு இது: பூமியிலிருந்து போய்ச் சேரும் மொத்தக் கரிமம், கல்லின் எடையில் நூறு கோடியில் பத்துப் பங்குக்கு மேல் போகக் கூடாது. உயிரை நேரடியாகக் காட்டிக்கொடுக்கும் சேர்மங்கள் என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. கேட்கும்போது காற்றில் எழுதிய எண்கள் போலத் தோன்றும். பொறியாளர்கள் அதைக் குழாய்க் கணக்காக மாற்றினார்கள். ஊர்தியின் துரப்பணம் வெட்டும் கல் 13 மில்லிமீட்டர் தடிப்பு, 60 மில்லிமீட்டர் நீளம். எடை சுமார் 15 கிராம். நூறு கோடியில் பத்து என்றால் 150 நானோகிராம். நூறு கோடியில் ஒன்று என்றால் 15 நானோகிராம்.

ஒரு கட்டைவிரல் ரேகை கண்ணாடியில் பதிந்தால் அதில் ஏறக்குறைய 45,000 நானோகிராம் கரிமப் பொருள் இருக்கும். குழாய் ஒன்றுக்கு அனுமதித்தது அதில் முந்நூறில் ஒரு பங்கு. ஒருவர் தவறிப்போய் ஒரு தடவை தொட்டால், வெறுங்கையால்கூட வேண்டாம், கையுறையின் நுனி அழுக்காக இருந்தாலே போதும், அந்தக் குழாய் செவ்வாய்க்குப் போகும் தகுதியை இழந்துவிடும்.

கலிஃபோர்னியாவின் பாசடினாவில் உள்ள ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில், சுருக்கமாக ஜே.பி.எல்லில், குழாய்கள் உருவாயின. டைட்டேனியம் எதற்கு? பாரம் குறைவு, உறுதி அதிகம். குழாய் ஒன்று 57 கிராமுக்கும் குறைவு. வெளியே வெள்ளைப் பூச்சு. செவ்வாய்த் தரையில் வெயிலில் கிடக்க நேர்ந்தால் கல் சூடேறி அதன் வேதியியல் மாறிவிடக் கூடாதே. உள்ளே டைட்டேனியம் நைட்ரைடு பூச்சு. சுத்தமாகத் துடைத்த எந்த உலோகப் பரப்பும் காற்றுப் பட்ட கொஞ்ச நேரத்தில் காற்றிலிருக்கும் கரிமத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதை முடிந்தவரை ஒட்டவிடாமல் தடுக்கத்தான் அந்தப் பூச்சு. வடிகட்டிய காற்றை ஊதினார்கள், அயனி நீக்கிய நீரில் அலசினார்கள், அசிட்டோனிலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் இன்னும் சில வீரியமான திரவங்களிலும் ஒலி அலையால் குலுக்கிக் கழுவினார்கள், கடைசியில் சூட்டிலும் வைத்தெடுத்தார்கள். செய்தவை 93. அவற்றில் தேறிப் பயணம் போனவை 43.

சுத்தத்தோடு முடிந்துவிடவில்லை. முதலில் போட்ட திட்டப்படி இந்தக் குழாய்கள் பூமிக்குத் திரும்பும் கூடுக்குப் பாராசூட் கிடையாது. பாராசூட் விரியாமல் போவதைவிட, விரியவே வேண்டாத கூடு நம்பகமானது என்ற கணக்கு. யூட்டா பாலைவனத்தில் நேராக வந்து மோதும். அந்த மோதலில் குழாயின் மூடி கசியக் கூடாது, உள்ளிருக்கும் கல் தூளாகக் கூடாது. அதற்காக எத்தனையோ குழாய்களைச் சுவரில் எறிவது போலச் சோதித்துப் பார்த்தார்கள். தொட்டுப் பார்க்கவே அஞ்சிய பொருளை அடித்துப் பார்க்கவும் வேண்டியிருந்தது என்பது அந்தப் பொறியாளர்களின் விதி.

இங்கே குழாயை விட்டுக் கொஞ்சம் விலக வேண்டும், அதைச் சுற்றியிருந்த அறையைப் பற்றிச் சொல்ல. விண்கலம் இணைக்கும் தூய அறைகளில் வடிகட்டிய காற்று ஓயாது ஓடும். உள்ளே போகிறவர் கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு போவார். துடைப்பதற்கு ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்சைடு, புற ஊதா ஒளி. இத்தனையையும் மீறி அங்கே குடியிருக்கும் உயிர்கள் உண்டு. சொல்லப்போனால், இத்தனையையும் மீறியவை மட்டுமே அங்கே குடியிருக்கின்றன. டெர்சிகாக்கஸ் பீனிசிஸ் என்ற பாக்டீரியா பூமியில் இரண்டே இடங்களில் கண்டதாக 2013இல் அறிவிக்கப்பட்டது: ஃபுளோரிடாவில் பீனிக்ஸ் கலம் இருந்த தூய அறை, தென் அமெரிக்காவில் கூரூ ஏவுதளத்தின் தூய அறை. இன்னொன்று, ஜே.பி.எல்லிலேயே பிடித்த ஒரு பேசில்லஸ் வகை. அதன் வித்துகள் பெராக்சைடையும் புற ஊதாவையும் சகித்துக்கொள்கின்றன. 2018இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் வேடிக்கை. தூய அறையில் கிடைத்த அசினெட்டோபாக்டர் பாக்டீரியாக்கள், தங்களைத் துடைக்க ஊற்றிய எத்தில் ஆல்கஹாலையே உணவாக்கி வளர்கின்றன.

இந்த அறைவாசிகளைக் கணக்கெடுப்பதில் ஆயுளைச் செலவிட்டவர்களில் ஒருவர் கஸ்தூரி வெங்கடேஸ்வரன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கடல் நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஜே.பி.எல்லுக்குப் போனவர். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 40 மாதம் வேலை பார்த்துத் திரும்பிய காற்று வடிகட்டி ஒன்றில் அவருடைய குழு கண்ட பாக்டீரியாவுக்கு 2017இல் சொலிபேசில்லஸ் கலாமி என்று பெயர் வைத்தார்கள். நம் அப்துல் கலாம்தான். அணுகுண்டும் ராக்கெட்டும் அவர் பெயரோடு சேர்ந்தே வரும். ஒரு வடிகட்டிக் கிருமியும் இப்போது சேர்ந்துகொண்டது. 2025 மே மாதம் அவரும் பங்கெடுத்த இன்னொரு ஆய்வு, பீனிக்ஸ் கலம் தயாரானபோது அந்த அறைகளில் சேகரித்த நுண்ணுயிர்களில் 26 இதுவரை அறியப்படாத இனங்கள் என்று சொன்னது. குழாயைப் பூமியின் உயிரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்றால் அந்த உயிர் என்ன செய்யக்கூடியது என்று முதலில் தெரிய வேண்டும். அந்தப் பட்டியலே இன்னும் நீண்டுகொண்டு போகிறது.

இதெல்லாம் அளவுக்கு மீறிய பயம் என்று நினைக்கிறவர்களுக்காக ரியூகு. ஜப்பானின் ஹயபுசா-2 கலம் அந்தச் சிறுகோளிலிருந்து அள்ளிய 5.4 கிராம் தூளை 2020 டிசம்பரில் பூமிக்கு அனுப்பியது. திறந்தது வெற்றிடத்திலும் நைட்ரஜன் சூழலிலும்தான்; கெடுபிடிக்குக் குறைவில்லை. அதில் ஒரு துகள் இங்கிலாந்துக்குப் போய், ஆய்வுக்குத் தயாராகும்போது கொஞ்ச நேரம் காற்றுப் பட்டது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் கோல் கோலாக, இழை இழையாக நுண்ணுயிர். ஒரே வாரத்தில் பன்மடங்கு பெருகி, பின்பு குறைந்தும் போயின. பூமியின் பாக்டீரியா வளரும் வேகத்தோடு அது அப்படியே பொருந்தியது. மேத்யூ கெஞ்சின் குழு 2024இல் இதை வெளியிட்டது, ரியூகுவில் உயிர் என்று அல்ல, பூமியின் கிருமி எவ்வளவு விரைவாகக் குடியேறும் என்பதற்குச் சான்றாக. ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு தடவை ஈரக்கை பட்டால் போதும் என்று பாட்டிமார் சொல்வதற்கு இதைவிடச் செலவுபிடித்த நிரூபணம் கிடையாது.

அதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் கொண்டுவந்த 121.6 கிராம். திருகு இரண்டு கழலாமல் மாதக்கணக்கில் அடம்பிடித்தபோதுகூட அவசரப்பட்டு உடைக்காமல், புதிதாகக் கருவி செய்து, நைட்ரஜன் பெட்டிக்குள்ளேயே திறந்தார்கள். 2025 ஜனவரியில் முடிவு வந்தது: நம் புரதங்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14, டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் எழுதப்படும் ஐந்து எழுத்துகளும், உப்புநீர் வற்றி விட்டுப்போன தாதுக்களும். அமினோ அமிலங்களில் இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் ஏறக்குறைய சரிபாதி. பூமியின் உயிர் கலந்திருந்தால் இடக்கை வடிவம் தூக்கலாக இருந்திருக்கும். அந்தச் சரிபாதிதான் அந்த ஆய்வின் உயிர்நாடி. அதை யாரும் சந்தேகிக்க முடியாமல் போனதற்குக் காரணம் அந்த அடம்பிடித்த திருகுகளிடம் காட்டிய பொறுமை.

குழாய்க்குத் திரும்புவோம். 2020 ஜூலை 30 ஏவல். 2021 பிப்ரவரி 18 ஜெஸரோவில் இறக்கம். ஒரு காலத்தில் ஆறு வந்து கலந்த ஏரிப் பள்ளம் அது. ஊர்தியின் வெளியே தெரியும் கை இரண்டு மீட்டர் நீளம். வயிற்றுக்குள் அரை மீட்டரில் இன்னொரு குட்டிக் கை, குழாய்களை எடுத்துக் கொடுக்க. துரப்பணத்தின் குழல்முனைக்குள்ளேயே குழாய் செருகப்பட்டிருக்கும். வெட்டும்போதே கல் நேராகக் குழாய்க்குள் போய்விடும், நடுவில் எதுவும் அதைத் தொடாது. பிறகு குட்டிக் கை குழாயைப் படமெடுக்கக் கொண்டுபோகும், எவ்வளவு கல் இருக்கிறது என்று ஒரு கம்பியால் அளக்கும், மூடியை வைத்து அழுத்தும்.

முதல் கல் வெட்டு 2021 ஆகஸ்ட் 6. எல்லாம் ஒழுங்காக நடந்தது. குழாய் மட்டும் காலி. பாறை துரப்பணத்தின் கீழேயே பொடிப்பொடியாகி நழுவியிருந்தது. ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்ட ஓர் இயந்திரம் தவறே செய்யாமல் தோற்றது. அந்தக் காலிக் குழாயை அப்படியே மூடியிருந்தார்கள். உள்ளே செவ்வாயின் காற்று அகப்பட்டுக்கொண்டது. காற்றுக்கென்று ஒரு குழாய் எப்படியும் ஒதுக்க வேண்டியிருந்தது; அது முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் ரோஷெட் என்ற பாறையிலிருந்து உண்மையான முதல் கல் வந்தது.

2022 டிசம்பரிலிருந்து 2023 ஜனவரி வரை த்ரீ ஃபோர்க்ஸ் என்று பெயரிட்ட சமதளத்தில் பத்துக் குழாய்களைத் தரையில் இறக்கி வைத்தார்கள். ஊர்தி பழுதாகிவிட்டாலும் இவை கிடைக்கட்டும் என்று ஒரு சேமிப்பு. ஒன்றுக்கொன்று சில மீட்டர் விட்டு, பின்னால் வரும் ஊர்தி மிதிக்காமல் எடுக்கும்படி, குறுக்கும் நெடுக்குமாக. ஒவ்வொன்றும் நேராகக் குத்திட்டு நிற்காமல் படுத்திருக்கிறதா என்று கேமரா குனிந்து பார்த்தது. அந்தப் பத்தில் ஒரு சாட்சிக் குழாயும் உண்டு.

முக்கியமான குழாய் அங்கே இல்லை, ஊர்தியின் வயிற்றிலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் நெரெட்வா என்ற பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு மீட்டர் நீளப் பாறையைக் கண்டார்கள். செயாவா ஃபால்ஸ் என்று பெயர். செம்மண் நிறக் களிப்பாறை. அதில் வெளிறிய புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் கருவிளிம்பு. சிறுத்தைப் புள்ளிகள் என்று குழுவினர் பேச்சுவழக்கில் அழைக்க ஆரம்பித்தார்கள். ஜூலை 21ஆம் தேதி வெட்டிய கல்லுக்கு சஃபயர் கேன்யன் என்று பெயர்.

2025 செப்டம்பரில் ஜோயல் ஹூரோவிட்ஸ் தலைமையிலான கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. புள்ளியின் விளிம்பில் இரும்பு பாஸ்பேட் தாதுவான விவியனைட், நடுவே இரும்பு சல்ஃபைடான கிரெய்கைட், கூடவே கரிமம். பூமியில் இந்தச் சேர்க்கை எங்கே கிடைக்கும்? சேற்றில். ஆக்சிஜன் இல்லாத ஏரி அடித்தளத்தில் நுண்ணுயிர்கள் கரிமத்தைத் தின்று, இரும்பிலும் கந்தகத்திலும் எலக்ட்ரான்களை இறக்கிவிடும்போது. உயிர் இல்லாமலும் இவை உருவாகும். ஆனால் சல்ஃபைடு உருவாக வழக்கமாக நல்ல சூடு வேண்டும், அந்தப் பாறை சூடேறியதற்கு அறிகுறி தெரியவில்லை. உயிரின் அடையாளமாக இருக்கக்கூடியது என்ற அளவில்தான் கட்டுரை நின்றது. அதற்கு மேல் அவர்கள் ஒரு சொல் சொல்லவில்லை, சொல்லாததே சரி. நாசாவில் இதற்கென ஏழு படி ஏணி ஒன்று 2021இல் வகுக்கப்பட்டது. முதல் படி சமிக்ஞையைக் காண்பது. இரண்டாவது படி, அது நம் அழுக்கல்ல என்று உறுதிசெய்வது.

ஊர்தியின் கருவிகளால் முடிந்தது முடிந்துவிட்டது. கந்தகத்தின், இரும்பின் ஐசோடோப்பு விகிதங்களை அளக்க வேண்டும், புள்ளியை மெல்லிசாகச் சீவி நானோமீட்டர் அளவில் பார்க்க வேண்டும். அதற்குக் கல் பூமிக்கு வர வேண்டும். வரும் வழிதான் அடைந்துகிடக்கிறது. 2023 செப்டம்பரில் தனிச் சீராய்வுக் குழு மொத்தச் செலவு 800 முதல் 1,100 கோடி டாலர் ஆகும் என்றது. 2024 ஏப்ரலில் நாசாவே இவ்வளவு பணமும் இவ்வளவு காலமும் ஏற்க முடியாது என்று கைவிரித்தது. அப்போதைய திட்டப்படி கல் வந்துசேர 2040 ஆகும். 2025இல் அரசின் நிதி முன்மொழிவு திட்டத்தையே ரத்து செய்யச் சொன்னது. 2026 தொடக்கத்தில் காங்கிரஸ் நிறைவேற்றிய நிதி மசோதாவிலும் பழைய வடிவத்துக்கு ஆதரவில்லை. இதைச் சிக்கனம் என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாதி வேலை நடந்த கட்டடத்துக்குக் கூரை போடாமல் விட்டால் சுவருக்குச் செலவழித்ததும் வீண்தான்.

குழாய்களுக்கு அவசரமில்லை. பல ஆண்டு காத்திருக்கும்படிதான் அவை செய்யப்பட்டன. இதற்கிடையே சீனா தியான்வென்-3 கலத்தை 2028 வாக்கில் ஏவி, 2031 வாக்கில் குறைந்தது 500 கிராம் செவ்வாய் மண்ணைக் கொண்டுவரத் திட்டமிடுகிறது. அதன் துரப்பணம் இரண்டு மீட்டர் ஆழம் வரை போகும். பெர்சிவரன்ஸ் எட்டாத ஆழம் அது. மேற்பரப்புக் கதிர்வீச்சு கரிமத்தை அதிகம் சிதைக்காத ஆழமும்கூட. ஆனால் ஒரே இடத்தில் இறங்கி அங்கேயே தோண்டும் கலம். ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிலோமீட்டர் கணக்கில் அலைந்து ஒரு புள்ளிப் பாறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி அதற்கு இருக்காது. எது முதலில் வந்தாலும், பீஜிங்கிலும் இப்போது யாரோ ஒரு பொறியாளர், தன் குழாயில் எத்தனை நானோகிராம் வரை அனுமதிக்கலாம் என்று ஒரு வேதியியலாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.